முள்ளம்பன்றி கட்டிய அலகு

சீமைக்கருவேலங் காட்டில் ஒரு வளை. அதில் ஒரு முள்ளம்பன்றியும் அதன் இரண்டு குட்டிகளும். ராத்திரி மேய்ச்சல், பகலில் தூக்கம்.

பக்கத்தில் கரி சுடுகிறவர்கள் விறகை அடுக்கி, மண்ணால் மூடி மூட்டம் போடுவார்கள். அந்தப் புகை வளைக்குள் இறங்கினால் உயிர் மிஞ்சாது. அதனால் வாசலில் ஆட்காட்டிக் குருவியைக் காவல் வைத்தது முள்ளம்பன்றி. கூலி, தோண்டும்போது கிளம்பும் புழு.

வாசல் வண்டிப்பாதை ஓரம். வண்டி போனது. புழுதி எழுந்தது.

"புகை! புகை!"

முள்ளம்பன்றி குட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தது. வெறும் புழுதி. போய்ப் படுத்தது. ஆட்டுமந்தை போனது. மறுபடி கத்தல். மறுபடி ஓட்டம்.

"ஏன்டா, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"இங்கேருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது அக்கா."

அடுத்த வளை உடும்பு எட்டிப் பார்த்தது. "அவனை அந்தப் புற்றுமேட்டில் நிறுத்து தங்கச்சி. அங்கே புழுதி ஏறாது."

"உங்க யோசனையை நீங்களே வச்சுக்குங்க. எனக்குத் தூக்கம் வேணும்."

முள்ளம்பன்றி கோவைக்கொடியைப் பறித்துக் குருவியின் அலகை இறுக்கிக் கட்டியது. உள்ளே போனது. என்றைக்கும் இல்லாத சுகமான தூக்கம் வந்தது.

காற்று திரும்பியது. மூட்டத்துப் புகை தரையோடு தவழ்ந்து வளைக்குள் இறங்கியது. குருவி பார்த்தது. கத்த முடியவில்லை. உள்ளே ஓடி இறக்கையால் முள்ளம்பன்றியின் முகத்தில் அடித்தது.

"கத்த முடியலேன்னு அடிக்க வந்துட்டியா? போடா."

தலை கனத்தது. மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

குருவி உடும்பிடம் ஓடியது. கட்டிய அலகால் அதன் தலையில் குத்தியது, வளையைப் பார்த்து ஓடியது, மறுபடி வந்து குத்தியது. உடும்புக்குப் புரிந்தது. உள்ளே பாய்ந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே போட்டது. பிறகு தாயின் காலைக் கவ்வி இழுத்தது. உடம்பெல்லாம் முள் தைத்தது.

பெரிய குட்டி இருமியது. சின்னது அசையவில்லை. முள்ளம்பன்றி அதை நக்கியது, உருட்டியது, நக்கியது. வெகுநேரம் கழித்துக் குட்டி கண் திறந்தது.

முள்ளம்பன்றி வந்து குருவியின் அலகில் இருந்த கொடியைக் கடித்து அறுத்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி.

"புகை! புகை!"

"புழுதிதான்" என்றது உடும்பு, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

"இருக்கட்டும் அண்ணே. பார்த்துட்டு வந்துடறேன்" என்றது முள்ளம்பன்றி.

பார்த்தது. புழுதிதான். திரும்பி வந்து குருவியைப் புற்றுமேட்டுக்குக் கூட்டிப் போனது.

காவல்காரன் வீணாகக் கத்தினால் அவன் நிற்கும் இடத்தை மாற்று, வாயைக் கட்டாதே.