கழித்தல் குறி இல்லாத வாசல்

செங்கரை நாட்டு மன்னர் மகுடவர்மருக்கு எல்லாமே மேலே போக வேண்டும். அரண்மனையில் படி இறங்கும்போதுகூட முகத்தைச் சுளிப்பார்.

அவருக்காகத் தாமரைக் குளத்தங்கரையில் ஒரு வளைவு வாசல் கட்டினார் ஸ்தபதி ஆழிமுத்து. அந்த நாட்டில் எந்தக் கட்டடத்தையும் முதலில் தர்பார் மண்டபத்தின் கட்டம் போட்ட தரையில் வரைந்து காட்ட வேண்டும். நடுவிலிருந்து எத்தனை கட்டம் தள்ளிப் போகிறோமோ, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, அதில் பாதி அளவு உச்சியிலிருந்து கீழே இறங்க வேண்டும். இதுதான் ஸ்தபதியின் கணக்கு. அந்தப் பாதி இருக்கும் இடத்தில் முதலில் ஒன்று, அதாவது முழு அளவு, இருந்தது. வளைவு ஒடுங்கிப்போய், பட்டத்து யானை நுழையாது என்று மன்னர் சொல்ல, அதை அரையாக்கினார். வளைவு தாராளமாக விரிந்தது. கீழே இறங்குவதால் அரைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி.

அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டார் சோதிடர் அனந்த பட்டர். கட்டட வேலை தன் மருமகனுக்குக் கிடைக்காத வயிற்றெரிச்சல் அவருக்கு. மன்னர் நுழையும் வாசலில் கழித்தல் இருந்தால் ஆயுளும் கழியும் என்று காதில் ஓதினார். மன்னர் நடுங்கிப்போனார். திறப்பு விழாவுக்குள் குறியை நீக்காவிட்டால் ஆழிமுத்து நாடு கடத்தப்படுவார் என்று ஆணை பிறந்தது.

ஆழிமுத்து அழுதுகொண்டே விகடகவி மாசிலாமணியிடம் ஓடினார். மாசிலாமணி நேரே மன்னரிடம் போய் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"குறியை மட்டும் எடுத்தால் போதுமா மன்னா? அரையையும் தொடவேண்டுமா?"

"அரையில் கை வைக்காதே. யானை போக வேண்டும்."

விழா நாளில் பட்டத்து யானைமேல் மேளதாளத்தோடு வந்த மன்னர் பார்த்தார். வாசல் பழையபடியே நின்றது. மாசிலாமணி பணிவாகக் குளத்தைக் காட்டினார். அசையாத தண்ணீரில் அதே வளைவு, கிண்ணம்போல மேல்நோக்கித் திறந்து கிடந்தது.

"அகலத்தில் அணுவளவும் மாற்றமில்லை மன்னா. குறி ஒன்றுதான் போயிற்று. தங்கள் வாசல் இப்போது மேல்நோக்கியே போகிறது. எழுந்தருளலாம்."

யானை தும்பிக்கையை நீட்டித் தண்ணீர் குடித்தது. மன்னருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஊர் முன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா? மெல்லச் சோதிடர் பக்கம் திரும்பினார்.

"பட்டரே, கழித்தல் குறி இல்லாத வாசலே நல்லது என்று சொன்னது நீர்தான். முதலில் நீர் நுழையும்."

பட்டருக்கு நீச்சல் தெரியாது. அவசர அவசரமாக விரல்விட்டு எண்ணினார்.

"மன்னா, அடியேனுக்கு இன்று ஜலகண்டம், தண்ணீரில் ஆபத்து."

மன்னர் அம்பாரி குலுங்கச் சிரித்தார். ஆழிமுத்துவுக்குப் பொன்னாடையும் மாசிலாமணிக்கு முத்துமாலையும் அங்கேயே கிடைத்தன. மாசிலாமணி மாலையைச் சரிசெய்துகொண்டு சோதிடரிடம் கரைமேல் நின்ற வாசலைக் காட்டினார்.

"அப்படியானால் இப்படி வாருங்கள் சுவாமி. இதில் ஆயுள்தான் கழியும். உயிர் போகாது."