தாய்ப்பூச்சி

“சாமி, பூச்சி ஜெயிச்சிடும் போலிருக்கு.”

குகை வாசலில் நின்றுகொண்டு தவசியப்பன் சொன்னார். உள்ளே பாயில் சுருண்டு கிடந்த சாம்பசாமி கண் திறக்கவில்லை.

அந்த மலையில் அவர்கள் இருவர் மட்டும்தான். குருவுக்கும் சீடருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியவர்கள்.

குருவின் எலும்புக்குள் நோய் இறங்கியிருந்தது. குகைக்குப் பின்னால் வளர்ந்த கஞ்சாச் செடியின் இலையைப் போட்டுக் கிண்டிய லேகியம் ஒன்றுதான் அவரைத் தூங்கவைத்தது. ஜாடியில் லேகியம் அடியைத் தொட்டுவிட்டது. செடியிலோ கணுவுக்குக் கணு பஞ்சை ஒட்டியதுபோல மாவுப்பூச்சி.

சாம்பல் தூவியதையும், வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்ததையும் தவசியப்பன் மூச்சுவிடாமல் சொன்னார். பிறகு தானே கண்டுபிடித்த வழியையும் சொன்னார்.

பூச்சிகளுக்கு நடுவே சில பெரியவை இருந்தன. அதே வெள்ளை, அதே பிசிறு. உருவம் மட்டும் பெரிது. அவைதான் தாய். தாயை ஒழித்தால் குஞ்சு தானாகப் போகும். ஆகவே காலையும் மாலையும் அவற்றைத் தேடித் தேடி நசுக்கிவந்தார்.

“அப்புறம்?”

“நசுக்க நசுக்கக் குஞ்சு பெருகுது சாமி.”

“கஞ்சாவைத் தின்கிற பூச்சியே நிதானமா இருக்கு. உனக்கென்ன பறப்பு?”

தவசியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் குரு வலி பொறுக்காமல் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்ததை அவர் பார்த்திருந்தார். நான் பறக்காமல் வேறு யார் பறப்பது என்று நினைத்துக்கொண்டார்.

குரு மெல்லப் புரண்டார்.

“ஒரு தாயை உயிரோட கொண்டா.”

எளிதில் கிடைக்கவில்லை. செடி முழுக்கத் துழாவியதில், அடியிலையின் பின்புறத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. குஞ்சுகள் மொய்த்த அந்த இலையோடு கிள்ளிக் கொட்டாங்கச்சியில் வைத்துக் கொண்டுவந்தார்.

குரு அதை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

வாசல் வெயில் பாயைத் தொட்டது.

பெரிய பூச்சி அசைந்தது. பிசிறுகளை இழுத்துக்கொண்டு குஞ்சுகள் இருந்த பக்கம் போனது.

“பிள்ளைகிட்டப் போகுது,” என்றார் தவசியப்பன். எத்தனை தாய்களைக் கொன்றோம் என்று அப்போதுதான் தோன்றியது.

பெரியது ஒரு குஞ்சின்மேல் கவிந்தது. அது விலகியபோது அங்கே குஞ்சு இல்லை. வெறும் தோல் கிடந்தது.

அடுத்த குஞ்சிடம் போனது.

தவசியப்பன் குனிந்தார். இன்னும் குனிந்தார். வெள்ளைப் பிசிறுக்கு அடியில் கால்கள் வேறு, வாய் வேறு. அது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்று வளரும் பொறிவண்டின் புழு.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சாமி?”

“எனக்கென்ன தெரியும். நானும் உன்னோடதானே பார்க்கிறேன்.”

தவசியப்பன் செடியை நினைத்தார். ஜாடி காலியான பிறகு வரப்போகும் இரவுகளை நினைத்தார். விரல் நுனிகளைப் பார்த்தார். நசுக்கிய மஞ்சள் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

“இந்தக் கையால இனிமே எதையும் தொட மாட்டேன்.”

குரு, புழுவைச் செடியிலேயே விட்டுவரும்படி கொட்டாங்கச்சியை நகர்த்தினார். தவசியப்பன் விட்டுவிட்டு வந்தபோது, குரு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“அமுக்கிவிடு.”

தவசியப்பன் உட்கார்ந்து கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. முதுகா, இடுப்பா, தொடையா? இத்தனை நாள் மருந்துக்காக ஓடியவருக்கு அது தெரியவில்லை.

“எங்கே வலிக்குது சாமி?”

“தேடு.”