கூடைக்குள் போன குட்டிகள்

பாடம் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் குரு மாயழகுச் சாமி வாயைத் திறப்பார்.

“சிற்றம்பலம், பன்றிகளுக்குத் தவிடு கரைச்சு ஊத்திட்டு வாங்க.”

சிற்றம்பலம் குருவைவிட மூத்தவர். சாத்திரங்களைக் கரைத்துக் குடித்தவர். ஞானம் தேடி, பன்றி வளர்க்கும் இந்தச் சாமியிடம் சீடராக வந்தவருக்குக் கிடைத்தது கழனிப் பானைதான். இன்னொரு சீடன் ஒச்சப்பன் மட்டும் பாடத்துக்கு உட்கார்ந்திருப்பான். சரியான மந்தம். வந்த புதிதில் சேர்ந்து உட்கார்ந்தபோது, அவன் ஒரு சந்தேகம் கேட்க வாயெடுப்பதற்குள் சிற்றம்பலம் பதிலையே சொல்லிவிடுவார். அவரைப் போய் வெளியே அனுப்பினால் எரிச்சல் வராதா?

அன்றும் போய் ஊற்றினார். பன்றிகள் தொட்டிக்குள்ளேயே ஏறி மிதித்தன. தவிடும் சேறும் முகத்தில் தெறித்தன. போதும்டா சாமி என்றாகிவிட்டது அவருக்கு. வாளியைத் தூக்கி எறிந்தார்.

சத்தம் கேட்டுக் குரு வந்தார்.

“நான் ஊருக்குக் கிளம்புறேன் சாமி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாட நேரத்துல என்னை மட்டும் ஏன் விரட்டுறீங்க?”

குரு பட்டிக்குள் நுழைந்தார். குட்டி போட்டிருந்த தாய்ப்பன்றியின் பக்கத்தில் போய்க் குந்தினார். கொழுத்த குட்டிகள் காம்புகளை மொய்த்துக்கொண்டிருந்தன. சோனிக் குட்டி ஒன்று முட்டி முட்டிப் பார்த்து, முடியாமல் வைக்கோலில் துவண்டு கிடந்தது.

கொழுத்தவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கூடைக்குள் போட்டுச் சாக்கால் மூடினார் குரு. அவை வீல் வீலென்று அலறின.

“சாமி, நான் கேட்டதுக்குப் பதில்?”

“இருங்க.”

சோனியைத் தூக்கிக் காம்பில் சேர்த்தார். அது தடுமாறியது. நழுவியது. பிறகு பற்றிக்கொண்டது.

கூடைக்குள் அலறல் ஓயவில்லை. சிற்றம்பலத்துக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

“அதுகளை ஏன் சாமி அடைச்சு வைக்கிறீங்க? என்ன தப்புப் பண்ணுச்சு பாவம்?”

“ஒரு தப்பும் பண்ணல. வயிறு நிறையக் குடிச்சிருச்சு. அவ்வளவுதான்.”

“வயிறு நிறைஞ்சதுக்கா இந்தக் கத்துக் கத்துது?”

குரு அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”