தேய்த்த இடம்

ரெஜினாவிடம் வெல்டிங் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது தணிகாசலம் பேரன் எடுத்தவர். அவர் வேலை பார்த்த பஸ் பாடி கட்டும் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லை. தன்னைவிடச் சின்னவளை "மேஸ்திரி" என்று கூப்பிட முதல் நாள் நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது. அவளும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள், திட்டும்போதுகூட.

மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் அவள் பட்டறை. பெரிய மோட்டார் சைக்கிள்காரர்கள் வருவார்கள். தாழ்வாய், நீளமாய், காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்டுகிற வண்டிகள். பின்பக்கம் இரண்டு புறமும் தோல்பை தொங்கும். பை ஆடிப் போய்ச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளாமல் தள்ளி நிறுத்த ஒரு இரும்புச் சட்டம் வேண்டும். ஸ்டே என்பார்கள். கடையில் வாங்குவது எல்லா வண்டிக்கும் உட்காராது. ரெஜினா வண்டியைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, அதற்கென்றே கம்பியை வளைத்து, பற்றவைத்துக் கொடுப்பாள்.

அவள் பற்றவைத்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும். தேய்க்க மாட்டாள். மேலே மெல்லிசாக ஒரு கை பெயிண்ட், அவ்வளவுதான்.

"பூரான் ஊர்ற மாதிரி இருக்கு மேஸ்திரி" என்று தணிகாசலம் சிரிப்பார்.

"ஊரட்டும்."

"கொஞ்சம் தேய்ச்சு விட்டா என்னங்க? பார்க்க அசிங்கமா இல்ல?"

ஒருநாள் ரெஜினா சட்டென்று கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே பழைய தையல் தழும்பு, தடிப்பாக.

"இதைத் தேய்ச்சு விடுங்கண்ணே. இதுவும் அசிங்கமாத்தான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தான் செய்த ஸ்டேயை மட்டும் மிஷினால் மட்டமாகத் தேய்த்தார். பள்ளத்துக்குப் பட்டி பூசினார். கறுப்பு அடித்துக் காயவைத்தார். பஸ் கம்பெனியில் அவருக்கு அப்படித்தான் பழக்கம். அங்கே ஒட்டு தெரிந்தால் சூப்பர்வைசர் ஏசுவான். முடிந்ததும் பார்த்தால் ஒரே வார்ப்பில் ஊற்றி எடுத்த மாதிரி இருக்கும். வண்டிக்காரர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ரெஜினா சொல்லிப் பார்த்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

லோகநாதன் வண்டிக்கும் அவர்தான் செய்தார்.

மழை விட்ட ஒரு காலைநேரம், மலையிலிருந்து இறங்கும்போது வளைவில் இடப்பக்க ஸ்டே விட்டுப்போனது. பை சக்கரத்துக்குள் போய்விட்டது. வண்டி அங்கேயே நின்றது. லோகநாதன் தடுப்புச் சுவரைத் தாண்டிப் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை மீட்டு, லோகநாதனின் மச்சினன் ரெஜினா பட்டறையில் கொண்டுவந்து விட்டான். உடைந்த ஸ்டே பைக்குள் கிடந்தது. ரெஜினா அதை எடுத்து, உடைந்த முகம் வெளிச்சத்தைப் பார்க்கிற மாதிரி மேசையோடு பூட்டியிருந்த வைஸில் இறுக்கினாள்.

"பாருங்கண்ணே."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தரையில என்ன இருக்கு? இங்க பாருங்க."

பார்த்தார். அவர் தேய்த்த இடம். சரியாக அங்கேதான் உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் பாதி பழுப்பு. பாதி வெள்ளை.

"வெள்ளையா இருக்கறது அன்னிக்கு விட்டது" என்றாள் ரெஜினா. "பழுப்பா இருக்கறது அதுக்கு ரொம்ப முன்னாடியே விட்டிருக்கு. உள்ளுக்குள்ளயே துரு ஏறியிருக்கு."

"மேல ஒண்ணும் தெரிஞ்சிருக்காதா?"

"எப்படித் தெரியும்? பட்டி பூசியிருக்கே."

அவர் நிமிர்ந்து கேட்டார். "நீங்க ஏன் என் கையைப் புடிச்சு நிறுத்தல?"

"நிறுத்தியிருக்கணும்" என்றாள். வைஸை அவள் தளர்த்தவில்லை.

மறுவாரம் லோகநாதன் மனைவி வசுமதி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. பாலுக்கு அழுது ஓய்ந்த முகம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே முகமாக இருந்தது. தணிகாசலம் எழுந்துபோய் வைஸின் மேல் ஒரு துணியைப் போட்டார்.

"என் தம்பி வேலைக்குப் போக இந்த வண்டியைத்தான் எடுத்துக்கறான். சாமானெல்லாம் பையிலதான் வைக்கணும். அந்தக் கம்பியைப் புதுசா செஞ்சு குடுங்க" என்றாள். பிறகு, "முன்ன செஞ்சது யாருங்க?"

"நான்தாம்மா."

அவர் தலை தானாகக் குனிந்தது. ஒரு வசவு வரும், அது விழட்டும் என்று காத்திருந்தார்.

"அவருக்கு உங்க வேலைன்னா உசுரு" என்றாள். "தினம் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி குத்தவச்சு உக்காந்து அந்தக் கம்பியைத் தடவித் தடவிப் பார்ப்பாரு. எங்க ஒட்டியிருக்குன்னு கண்டுபுடி பார்ப்போம்னு என்னைக் கூப்பிடுவாரு. நானும் விரலை வச்சுத் தேடுவேன். கிடைக்காது. வண்டி பெருசா நான் பெருசான்னு சண்டைகூடப் போட்டிருக்கேன்." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அதே மாதிரியே செஞ்சுடுங்கண்ணா. ஒட்டு தெரியாம."

அவள் போனபிறகு தணிகாசலம் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். குடிக்காமல் திரும்பி வந்தார்.

"மேஸ்திரி, அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது?"

"அவங்க இன்னும் கேக்கலையே" என்றாள் ரெஜினா.

"கேக்காமலே போயிட்டா?"

ரெஜினா புதுக் கம்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தேய்க்கிற மிஷினையும் வைத்தாள். வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

தணிகாசலம் கம்பியை வளைத்தார். வண்டியில் வைத்துப் பார்த்தார். மறுபடி வளைத்தார். பொருந்தியதும் பற்றவைத்தார். ஒட்டு தடிப்பாக எழும்பி நின்றது. சூடு ஆறியது. மிஷினை எடுத்தார். சுவிட்சில் விரல் இருந்தது. இதைத் தேய்த்துக் கறுப்பு அடித்துவிட்டால் அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போவாள். ஒரு கேள்வியும் வராது.

மிஷினைக் கீழே வைத்தார்.

வசுமதி வந்தபோது இரண்டு பக்க ஸ்டேக்களையும் புதிதாகச் செய்து வண்டியில் பூட்டியாகிவிட்டது. ரெஜினா அந்தப் பக்கம் உட்கார்ந்து கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். வசுமதி குனிந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"தேய்க்க மறந்துட்டீங்களாண்ணா? அவரோடதுல தெரியவே தெரியாதே."

"இது இப்படியே இருக்கட்டும்மா." அவர் குனிந்து ஒட்டைக் காட்டினார். "தினம் எடுக்கறதுக்கு முன்னாடி தம்பியை இங்க தடவிப் பார்க்கச் சொல்லு. விட்டா இங்கதான் விடும். கீறல் விழுந்தா கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா வண்டியை எடுக்கவேண்டாம்."

வசுமதி புடைத்த இடத்தில் விரலை வைத்தாள். குழந்தையும் குனிந்து கையை நீட்டியது. அந்தச் சின்னக் கையையும் எடுத்து அங்கே வைத்தாள். ஒட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு விரல் நின்றது.

"அவரும் தினம் தடவிப் பார்த்தாரே" என்றாள். "அவருக்கு ஏங்கண்ணா தெரியல?"

தணிகாசலம் வண்டிக்கு மேலாக ரெஜினாவைப் பார்த்தார்.

அவள் ஸ்பானரைக் கீழே வைத்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"கேட்டுட்டாங்கண்ணே" என்றாள்.