அழைக்காமல் வந்த அம்மன்

கரட்டூர் அணைக்குள் மூழ்கிப்போன பழைய ஊரின் அம்மன் சிலை அந்தக் கோடையில் தலைகாட்டப் போகிறதென்று கிலி பரவியது. மந்திரவாதி உக்கிரசாமி ஊரைக் கூட்டினார்.

"பௌர்ணமியன்று நான் அழைப்பேன், அவள் எழுவாள். அதற்குள் கரையோரத்து நாற்பது வீட்டையும் காலிசெய்து எனக்குக் கொடுக்கணும். இல்லாவிட்டால் ரத்தம் கேட்பாள்."

அணையில் நீர்மட்டம் அளக்கும் சிலம்பாயி ஒரு வரைபடத்தாளை விரித்தாள். வாராவாரம் அவள் வைத்த புள்ளிகள் நேர்கோடாக இறங்கின. நாற்பது அடி, முப்பத்தேழு, முப்பத்துநாலு, இன்று முப்பத்தொன்று.

"சிலையோட உச்சி இருபத்திரண்டு அடியில இருக்குன்னு பழைய பதிவு சொல்லுது. கோட்டை இப்படியே நீட்டினா இன்னும் மூணு வாரம். அன்னிக்குத்தான் பௌர்ணமி. சாமி, நீங்க அழைச்சுத்தான் வருவான்னா நாளைக்கே அழையுங்க. முடியலைன்னா, அன்னிக்கு வாயைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

மறுநாள் அழைக்க உக்கிரசாமி மறுத்தார். அதனால் பௌர்ணமியன்று ஊரே சேர்ந்து அவர் வாயைத் துணியால் கட்டியது.

உச்சிவெயிலில் காற்று நின்றது. பறவைகள் அடங்கின. அலையில்லாத நீரிலிருந்து கல் கிரீடம் மெல்ல வெளிப்பட்டது. சுற்றிலும் பாசி கூந்தலாக விரிந்து மிதந்தது. அதைக் கண்டு முதலில் ஓடியவர் உக்கிரசாமிதான்.

"அவ நம்ம வீட்டுக்கு வந்துட்டா என்ன செய்யறது?" என்று கரையோரத்து ஒருத்தி கேட்டாள்.

சிலம்பாயியும் கிரீடத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வரைபடத்தாளைச் சுருட்டினாள்.

"வரட்டும். வர்றப்ப நாம வீட்டுல இருக்கணுமில்ல?" என்றாள்.