தண்ணீருக்குப் பயந்த எருமையும் வெற்றிலை மென்ற மந்திரவாதியும்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் மனிதர்கள் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், மாந்தோப்பூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த அரண்மனையில் பதினெட்டு யானைகள். பதினெட்டு யானைக்கும் கவளம் உருட்டுகிறவள் அஞ்சுகம். விடிந்ததும் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பாள். வெல்லமும் வெந்த கொள்ளும் போட்டுப் பிசைவாள். தேங்காய் அளவுக்கு உருண்டை பிடித்து வாழை இலையில் வரிசையாக அடுக்குவாள்.

ராஜாவுக்கு ஒரே மகள். பெயர் மாதுளை, ஏழு வயது. பாடம் முடிந்த கையோடு குழந்தை ஓடிவருவது யானைக் கொட்டிலுக்குத்தான். கவிழ்த்த அண்டாமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அஞ்சுகம், கதை" என்று கேட்கும். அஞ்சுகமும் உருண்டை பிடித்துக்கொண்டே எதையாவது சொல்வாள். குழந்தை சிரிக்கிற சத்தத்தில் யானைகள் காதை ஆட்டும்.

இப்படி இருக்கும்போது ஒருநாள், வெண்குடுமியான் என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்தான். "எனக்கு ஒரு நல்ல கதை வேண்டும். கேட்டு எழுபது வருஷம் ஆகிறது" என்றான். ராஜா தன் ஆஸ்தானப் புலவரைப் பாடச் சொன்னார். புலவர் ராஜாவின் பாட்டனாரிலிருந்து ஆரம்பித்தார். அவர் பாட்டனாரின் பாட்டனாருக்குப் போவதற்குள் மந்திரவாதி தூங்கிவிட்டான். தூங்கினதோடு விட்டானா? பன்றி உறுமுகிற மாதிரி குறட்டையும் விட்டான். மாதுளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சபையே அதிர விழுந்து விழுந்து சிரித்தாள்.

விழித்தவனுக்கு மானம் போயிற்று. "என்னைப் பார்த்தா சிரிக்கிறாய்?" என்று கையை நீட்டினான். அவ்வளவுதான். சிம்மாசனத்துப் படியில் இளவரசி இல்லை. உருண்டைக் கண்ணும் ஒல்லிக் காலுமாக ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது.

ராணி மயங்கி விழுந்தாள். ராஜா காலில் விழுந்தார். மந்திரவாதி கொஞ்சம் இறங்கி வந்தான்.

"நான் வாயில் போடுகிற வெற்றிலை சிவந்து, நான் துப்புகிறதற்குள், ஒருவர் எனக்கு ஒரு கதையைச் சொல்லட்டும். முழுக் கதை வேண்டாம், ஆசை காட்டினால் போதும். கேட்டுவிட்டு நானாக 'அப்புறம்?' என்று கேட்டால் மந்திரம் உடைந்துபோகும். கேட்காவிட்டால் சொன்னவருக்கும் குழந்தையின் கதிதான்."

தேவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு மலைமேல் இருந்த தன் மண்டபத்துக்குப் போய்விட்டான்.

முதலில் ஆஸ்தானப் புலவர் போனார். மந்திரவாதி வெற்றிலை போட்டான், மென்றான், துப்பினான். 'அப்புறம்' என்ற சொல் வரவில்லை. புலவர் கழுதை ஆனார்.

அடுத்து நீதிப் புலவர் போனார். வெற்றிலை போட்டான், மென்றான், துப்பினான். 'அப்புறம்' வரவில்லை. அவர் வெள்ளாடு ஆனார்.

மூன்றாவதாக, ஊரையே சிரிக்கவைக்கிறவர் என்று பேரெடுத்த விகடப் புலவர் போனார். வெற்றிலை போட்டான், மென்றான், துப்பினான். அவர் வாத்து ஆனார்.

அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

அஞ்சுகத்துக்கு வேலை ஓடவில்லை. கவிழ்த்த அண்டா சும்மா கிடந்தது. நான்காம் நாள் கையைக் கழுவிக்கொண்டு ராணி முன்னால் போய் நின்றாள்.

"நான் போறேனுங்க, மகாராணி."

"புலவர்களே தோத்துட்டாங்களே அஞ்சுகம். உன்னால முடியுமா?"

"தெரியாதுங்க. ஆனா என்கிட்ட ஒரு பெரிய கதை இருக்கு. தண்ணிக்குப் பயந்த எருமை ஒண்ணு கடல் பார்க்கப் போற கதை. முழுசாச் சொன்னா ஏழு நாள் ஆகும். வெற்றிலை சிவக்கிறதுக்குள்ள எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மலைமேல் ஏறி வந்த அஞ்சுகத்தை மந்திரவாதி ஏற இறங்கப் பார்த்தான். "மூன்று நாள் தவணை. என் தோட்டத்தில் இருந்து கதையைச் சரிபண்ணிக்கொள். நான்காம் நாள் காலையில் வெற்றிலை போடுவேன்" என்றான்.

தோட்டத்தில் கழுதை, வெள்ளாடு, வாத்து மூன்றும் இருந்தன. உருவம்தான் போயிற்றே தவிர பேச்சு போகவில்லை. அஞ்சுகம் கும்பிட்டாள்.

"புலவர்களே, நீங்க படிச்சவங்க. நான் கவளம் உருட்டுறவ. என் கதையைக் கேட்டு, எது நல்லா இருக்கு, எது நல்லா இல்லைன்னு சொல்லணும்."

"சொல்லம்மா, கேட்போம்" என்றது கழுதை. அஞ்சுகம் சொன்னாள். எருமையின் கொள்ளுப்பாட்டி பிறந்த ஊரிலிருந்து ஆரம்பித்து, அது குடித்த குளம், அந்தக் குளத்தை வெட்டிய மனிதர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மெதுவாகக் கடைசிவரை வந்தாள்.

கழுதை தொண்டையைக் கனைத்தது. "எருமையா கதாநாயகி? அதில் என்ன கம்பீரம் இருக்கிறது? எடுத்துவிட்டுச் சிங்கத்தைப் போடு."

வெள்ளாடு தாடியை ஆட்டியது. "கதையில் நீதி எங்கே? மூன்று வரிக்கு ஒரு நீதி வரவேண்டும்."

வாத்து சிறகைத் தட்டியது. "சிரிப்புக் கதை என்கிறாய், சிரிப்பு போதாது. எல்லாரும் வழுக்கி விழவேண்டும். எருமை விழட்டும், கொக்கு விழட்டும், குளம்கூட விழட்டும்."

பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அஞ்சுகம் கேட்டுக்கொண்டாள். அன்று அந்தி சாய்ந்ததும் தேவாங்கு கண் விழித்தது. தோட்டத்துக் கொய்யாக் கிளையில் இருந்த அதன் பக்கத்தில் போய் நின்று, எருமையை எடுத்துவிட்டுச் சிங்கத்தைப் போட்டுக் கதை சொன்னாள். தண்ணீருக்குப் பயந்த சிங்கம் கர்ஜித்தது. தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாம் நாள் மூன்று வரிக்கு ஒரு நீதி சொன்னாள். தேவாங்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அது மாதுளையேதான். உருவம் மாறினாலும் பாடம் என்றால் திரும்பி உட்காருகிற பழக்கம் மாறவில்லை.

மூன்றாம் நாள் காலை, வாத்து சொன்னபடி எல்லாரையும் வழுக்கி விழவைத்து வாத்துக்கே சொல்லிப் பார்த்தாள். முதல் விழுகைக்கு வாத்து சிரித்தது. நான்காவதற்குச் சிரிக்கவில்லை. ஏழாவதற்கு, "எனக்கே இடுப்பு வலிக்கிறதம்மா" என்றது.

அஞ்சுகம் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். நாளைக் காலையில் தானும் ஒரு விலங்காகிவிடுவோம், அதைவிட, குழந்தை காலம் முழுவதும் கொய்யாக் கிளையிலேயே இருந்துவிடும் என்று நினைத்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் முகம் கழுவினாள். மனசு தெளிந்தது. யானைக்கு உடம்பு சரியில்லை என்றால் பாகன் ஒரு மருந்து சொல்வான், வைத்தியர் ஒரு மருந்து சொல்வார். அஞ்சுகம் இரண்டையும் கேட்டுக்கொள்வாள். ஆனால் அவள் பார்ப்பது யானை எந்த உருண்டையை ஒதுக்கியது, எதைத் தின்றது என்பதைத்தான்.

முதல் நாள் கதை சொன்னபோது நடந்ததை நினைத்துப் பார்த்தாள். கழுதை எப்போது புல் மேயத் தொடங்கியது? கொள்ளுப்பாட்டி வந்தபோது. வெள்ளாடு எப்போது வேலியில் முதுகைத் தேய்த்தது? கொள்ளுப்பாட்டி வந்தபோது. வாத்து எப்போது குளத்துக்குப் போய்விட்டு வந்தது? அதுவும் கொள்ளுப்பாட்டி வந்தபோதுதான். மூன்று பேரும் மூன்று மருந்து சொன்னார்கள். நோவு இருந்தது ஒரே இடத்தில். சரி, மூன்று பேரும் எப்போது தலை நிமிர்ந்தார்கள்? எருமைக்கு வழி காட்ட ஒரு நண்டு வந்தபோது. சிங்கக் கதையில்கூட, நண்டு வந்த இடத்தில் தேவாங்கு ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது.

அன்று அந்தியில் கொள்ளுப்பாட்டியை எடுத்துவிட்டாள். குளம் வெட்டியவரையும் எடுத்துவிட்டாள். சிங்கம் போயிற்று, நீதி போயிற்று, எருமை திரும்பி வந்தது. தேவாங்கு கிளையில் இறங்கி இறங்கி அவள் தோளுக்கே வந்துவிட்டது. எருமை கடற்கரையில் நிற்கிற இடத்தில் அஞ்சுகத்துக்கு இருமல் வந்து கதை நின்றது. தேவாங்கு அவள் விரலைப் பிடித்து இழுத்தது. விடவே இல்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

நான்காம் நாள் காலை. மந்திரவாதி துப்புவதற்குப் பித்தளைப் படிக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தான். வெற்றிலை போட்டான். அஞ்சுகம் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"ஐயா, ஓர் ஊரில் சொக்கி என்று ஓர் எருமை இருந்தது. மலை மாதிரி உடம்பு. ஆனால் தண்ணீர் என்றால் பயம். மற்ற எருமைகள் குளத்தில் மூக்கு மட்டும் தெரியப் படுத்துக் கிடக்கும். சொக்கி மட்டும் தலையில் வாழை இலையை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கும். கேட்டால், 'எனக்குச் சளி பிடிக்கும்' என்று சொல்லும்.

"ஒரு கொக்கு சொன்னது, 'பெரிய பயத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் சின்ன பயம் ஓடிவிடும். போய்க் கடலைப் பார்த்துவிட்டு வா.' சொக்கிக்குக் கடலுக்கு வழி தெரியாது. மீன்கூடையில் ஏறித் தெரியாமல் ஊருக்கு வந்துவிட்ட நண்டு ஒன்று அங்கே இருந்தது. பெயர் கோணையன். 'வழி எனக்குத் தெரியும், என் பின்னாலேயே வா' என்றது. நண்டு நடந்தது. எருமையும் பின்னாலேயே நடந்தது. நாள் பூராவும் நடந்து, சாயங்காலம் பார்த்தால் அதே குளத்தங்கரை.

"'என்ன கோணையா, புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டோமே?'

"'நான் நேராத்தான் நடந்தேன். பூமிதான் கோணலா இருக்கு.'"

மந்திரவாதியின் தாடை அசைவது நின்றது. அஞ்சுகம் அதைப் பார்த்துக்கொண்டாள்.

"சொக்கி யோசித்தது. கிழக்கே போவதற்காக நண்டை வடக்கே பார்த்து நிற்கவைத்தது. நண்டு நடந்தது. இப்போது சரியாகக் கிழக்கே போயிற்று. இப்படியே ஒன்பது ஊர் தாண்டி, ஒரு தூங்குமூஞ்சிப் புலியை ஏமாற்றி, குரங்குச் சந்தையில் வாழை இலையைப் பறிகொடுத்து, கடைசி மணல்மேட்டுக்கு வந்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமியது.

"'யாருப்பா இவ்வளவு சத்தமாக் குறட்டை விடுறது?'

"'அதுதான் கடல்.'

"சொக்கி திரும்பி ஓடப் பார்த்தது. கோணையனுக்கோ பிறந்த இடத்தைக் கண்ட சந்தோஷம். பக்கவாட்டில் ஓடி அலையில் குதித்தது. பெரிய அலை ஒன்று அதை அப்படியே வாரிக்கொண்டு போயிற்று. 'சொக்கி, எனக்கு நீச்சல் மறந்துபோச்சு' என்று ஒரு சத்தம் கேட்டது. சொக்கியின் நாலு காலும் நடுங்கின. அலையைப் பார்த்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது."

அஞ்சுகம் நிறுத்தினாள்.

காற்றுகூட அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கழுதையும் ஆடும் வாத்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. மந்திரவாதி வெற்றிலையைத் துப்பவில்லை. மறந்துபோய் விழுங்கிவிட்டான்.

"அப்புறம்?" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு உறைத்தது. அதற்குள் கொய்யாக் கிளை முறிந்து, இளவரசி மாதுளை அஞ்சுகத்தின் மடியில் பொத்தென்று விழுந்தாள். பாவாடையெல்லாம் இலை. அம்மா எங்கே என்று கேட்கவில்லை, பசிக்கிறது என்று சொல்லவில்லை.

"காலைத் தண்ணியில வச்சுதா இல்லையா?" என்றாள்.

அஞ்சுகம் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று புலவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மலை இறங்குகிற வழியெல்லாம், கதை தேறியதற்குத் தான் சொன்ன யோசனைதான் காரணம் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அஞ்சுகம் மறுக்கவில்லை. "உங்க மூணு பேரையும் வச்சுத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள். அது உண்மைதானே.

அவர்கள் பின்னால், கொஞ்சம் தள்ளி, மந்திரவாதியும் வந்தான். அரண்மனை வாசலில் அவனைக் கண்டதும் ராஜா வாளை உருவினார். ராணியோ மகளை இறுக அணைத்துக்கொண்டு நின்றாள். வெண்குடுமியான் கையைக் கட்டிக்கொண்டு குனிந்தான்.

"தப்பு செய்துவிட்டேன், மகாராஜா. ஒரு குழந்தையின் சிரிப்புக்குக் கோபப்பட்டேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். மிச்சக் கதையைக் கேட்ட பிறகு கொடுங்கள்."

ராஜா அஞ்சுகத்தைப் பார்த்தார். "நீதான் சொல்லவேண்டும். உனக்கும் என்ன வேண்டுமோ கேள்."

அவள் யோசித்தாள். "எனக்கு ஒரு கட்டு ஓலையும் எழுத்தாணியும் கொடுங்க, மகாராஜா. இந்தக் கதையை ஊர்க் குழந்தைகளுக்காக எழுதி வைக்கணும். எழுதி முடிக்கிற வரைக்கும் கவளம் உருட்ட வேற ஆள் வேணும். பதினெட்டு யானை இருக்கு." மந்திரவாதியைத் திரும்பிப் பார்த்தாள். "இவருக்குக் கை சும்மாத்தானே இருக்கு."

அப்படியே ஆயிற்று. வெண்குடுமியான் காலையில் சோறு வடித்தான், கொள்ளு பிசைந்தான், உருண்டை பிடித்தான். முதல் வாரம் அவன் பிடித்த உருண்டையெல்லாம் உடைந்துபோயின. யானைகள் பொறுத்துக்கொண்டன.

சாயங்காலம் கொட்டில் வாசலில் ஊர்க் குழந்தைகள் எல்லாம் கூடினார்கள். ஏழு நாள் கதை நடந்தது. சொக்கி காலை வைத்தது. காலை மட்டுமா, உடம்போடு விழுந்தது. எருமை மிதக்கும் என்பது அந்த எருமைக்கே அன்றுதான் தெரிந்தது. கோணையன் அதன் கொம்பில் தொற்றிக்கொண்டு, 'நேராப் போ' என்று வழி சொல்ல, இரண்டும் சேர்ந்து எத்தனை தீவுகள் பார்த்தன, எந்தத் திமிங்கிலத்திடம் வம்பு வளர்த்தன என்பதெல்லாம் அந்த ஏழு நாளில் வந்தது. மாதுளை சிரித்த சிரிப்பில் யானைகள் காதை ஆட்டின. வெண்குடுமியானும் சிரித்தான். அவனுடைய சிரிப்பு துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி இருந்தது. அதைக் கேட்டுக் குழந்தைகள் இன்னும் சிரித்தார்கள். அவன் யார்மேலும் கோபப்படவில்லை.

மாந்தோப்பூரில் மழை உரிய காலத்தில் பெய்தது, அண்டாவில் சோறு குறையவில்லை. கதை சொன்னவள் வாய் மணக்க, கேட்டவர்கள் கண் சொக்க, நாமும் அவரவர் பாயைத் தேடிப் போவோம்.