வீட்டு டிவியை வெளியூரில் பார்த்த கதை

வெள்ளந்திகுளத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் தங்கப்பழம், நடுவுள்ளவர் சித்திரைவேல், கடைசி அதிபன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே தங்கை, தெய்வக்கனி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் யோசிக்கிற வேலை முழுவதையும் தெய்வக்கனிதான் பார்த்து வந்தாள். அதனால் அண்ணன்மாருக்கு அந்தப் பழக்கமே விட்டுப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து விழுந்தன. உள்ளூர் கேபிள் சேனலில் வினாடி வினாப் போட்டி நடந்து வந்தது. அதன் கடைசிச் சுற்றுக்குத் தெய்வக்கனி தேறியிருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அதே நாள் காலையில் ஆலடியூரில் தங்கப்பழத்துக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். அவருக்கு முப்பத்தெட்டு வயசு. அதுவரை பதினோரு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டிருக்கிறார். ஒரு வீட்டிலும் காரியம் பஜ்ஜியைத் தாண்டவில்லை. இதுவும் போனால் இந்த வட்டாரத்தில் இனிமேல் பெண் கிடையாது என்று தரகர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

பெண்ணையும் பார்க்க வேண்டும், தங்கச்சியையும் பார்க்க வேண்டும். உள்ளூர் சேனலோ ஆலடியூரில் தெரியாது. தெய்வக்கனிதான் ஒரு வழி செய்தாள். கேபிள்காரர் ஸ்டீபனை வரவழைத்து, டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டச் சொன்னாள். வீட்டு டிவியில் என்ன ஓடுகிறதோ அது அப்படியே வெளியூரில் இருக்கிறவர் போனில் தெரியும் என்று ஸ்டீபன் விளக்கினார். மூன்று பேரும் பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். டிவியை அணைக்காமல் போக வேண்டும், பெட்டியை எதைக் கொண்டும் மறைக்கக் கூடாது, கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது, சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் சொன்னார். அதிபனின் போனில் ஒருமுறை போட்டும் காட்டினார். தங்கப்பழம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கடவுச்சொல்லை அதில் அடித்துக் கொடுத்தார்.

ஞாயிறு விடிந்ததும் தெய்வக்கனி போட்டிக்குப் போய்விட்டாள். அண்ணன்மார் வேட்டி மாற்றிக்கொண்டு டிவியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். தங்கப்பழம் பூட்டை எடுத்தார். சித்திரைவேல் அவர் கையைப் பிடித்தார்.

"பூட்டிட்டா படம் எப்படிண்ணே வெளிய வரும்?"

தங்கப்பழம் யோசித்தார். "ஜன்னல் இருக்கே."

"ஜன்னல்ல கம்பி இருக்கு. படம் கிழிஞ்சு கிழிஞ்சு வரும்."

நியாயமாகத்தான் பட்டது. வாசல் கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்தாமல் இருக்க அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்கள். படம் பின்னாலேயே வருகிறதா என்று பார்க்க அதிபன் வழி நெடுகக் கடைசி சீட்டில் திரும்பி உட்கார்ந்து வந்தான்.

ஆலடியூரில் பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் வாசலுக்கே வந்து கும்பிட்டு வரவேற்றார். பெண்ணின் பெயர் மணிமொழி. காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். தங்கப்பழத்துக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. வியர்த்தும் போயிற்று. பன்னிரண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று அவர் முதலில் அதிபனைச் சிக்னல் இருக்கிற இடத்துக்கு அனுப்பினார். ஆலடியூரில் இருப்பது ஒரே சிக்னல். பஸ் ஸ்டாண்டு முக்கில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நிற்கும். அதிபன் போய் அதன் அடியில் நின்றுகொண்டான்.

தங்கப்பழம் தன் போனிலும் வீட்டு டிவியைத் திறந்தார். அது கடவுச்சொல் கேட்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரே."

"போன் யாரோ இல்லையேண்ணே. நம்ம போன்தானே," என்றார் சித்திரைவேல்.

"நம்ம போன்தான். ஆனா ஊரெல்லாம் பேசுற சாமான்ல இது. ஒருத்தர்கிட்ட சொன்னா அடுத்தவர்கிட்ட சொல்லாதுன்னு என்ன நிச்சயம்?"

கடைசியில், சொல்ல வேண்டாம், அடிக்கலாம் என்று முடிவாயிற்று. தங்கப்பழம் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே இருட்டில் தடவித் தடவி அடித்தார். எழுத்து மாறிப் போயிற்று. போனில் ஒரு வரி வந்தது: 'தவறான கடவுச்சொல். வெளியேறி மீண்டும் உள்நுழையவும்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். எழுந்தார். சித்திரைவேலும் எழுந்தார். இருவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார்கள். மணிமொழியையும் இதற்கு முன் ஒன்பது பேர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆவுடையப்பன் எழுந்து பின்னால் ஓடுவதற்குள் இருவரும் திரும்ப உள்ளே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

சகுனம் சரியில்லை போலிருக்கிறது, பெரிய இடம், முறைமையெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். மணிமொழி மறுபடி காப்பி கொண்டு வந்தாள். தங்கப்பழம் மறுபடி துண்டைப் போர்த்தினார். மறுபடி தவறு. மறுபடி வெளியே போனார்கள். இந்த முறை ஆவுடையப்பன் முந்திக்கொண்டு வாசலில் நின்று, "வாங்க, வாங்க, இப்பத்தான் வாறீகளா?" என்று புதிதாக வரவேற்றார். மூன்றாம் முறைக்கு அவர் மனைவி ஆரத்தியே கரைத்து வைத்திருந்தாள். ஆரத்தி முடிந்து உள்ளே வந்து அடித்தபோது துண்டு நழுவி வெளிச்சம் விழுந்ததால் எழுத்து சரியாக அமைந்து போன் திறந்துகொண்டது. ஆரத்தியின் மகிமை என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் போனில் தங்கள் டிவி தெரியவில்லை. 'உங்கள் டிவியை வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று இருந்தது.

தங்கப்பழம் மெதுவாகப் போனைக் கீழே வைத்தார். "வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டான்," என்றார்.

"என்ன எடுத்தான்?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"இன்னும் எதுவும் எடுக்கலை. உக்காந்து டிவி பார்க்கான்."

அதற்குமேல் யாரும் பொறுக்கவில்லை. சம்பந்தம் ஆகுமோ ஆகாதோ, ஆபத்துக்குக் கூட நிற்க வேண்டும் என்று ஆவுடையப்பன் பக்கத்து வீட்டு வேனை எடுத்தார். பெண், பெண்ணின் அம்மா, மீந்த பஜ்ஜி எல்லாம் ஏறின. பஸ் ஸ்டாண்டு முக்கில் அதிபனையும் ஏற்றிக்கொண்டார்கள். சிவப்பு விழுந்தால் வண்டியெல்லாம் நிற்கிறது, படம் மட்டும் நிற்காமல் அருமையாக ஓடுகிறது என்று அவன் சொன்னான்.

"நம்ம டிவியை எவனோ பார்க்கானாம்ல," என்றார் சித்திரைவேல்.

"நான்தாம்ணே காலையில இருந்து பார்க்கேன்."

"நீ இங்க இருக்க. அவன் அங்க இருக்கான். குறுக்க பேசாத."

வெள்ளந்திகுளத்துக்கு வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. கதவு திறந்து கிடந்தது, டிவி ஓடிக்கொண்டிருந்தது. தெருக்காரர்கள் ஏழு பேர் உள்ளே வசதியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கப்பழம் அவர்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினார்.

"இவங்க இல்லை," என்றார். "போன்ல 'ஒருவர்'னுதான் போட்டிருந்துது. இங்க ஏழு பேர் இருக்காங்க."

கட்டிலுக்கு அடியிலும் நெல் குதிருக்குள்ளும் தேடினார்கள். திருடன் அகப்படவில்லை. அதிபனின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. உடனே தங்கப்பழத்தின் போனில் படம் வந்தது. திருடன் ஓடிவிட்டான் என்று எல்லோருக்கும் நிம்மதி.

அதற்குள் போட்டி தொடங்கி, நடந்து, கடைசிக் கேள்விக்கு வந்திருந்தது. தமிழ்நாட்டின் மாநில மரம் எது என்று கேட்டார்கள். தெய்வக்கனி கொஞ்சம் தயங்கினாள். பிறகு "பனை" என்றாள். கைதட்டினார்கள். கிரைண்டர் பரிசு. வீடே துள்ளியது.

தங்கப்பழம் மட்டும் துள்ளவில்லை. கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குப் படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. அதில் தெய்வக்கனி இன்னும் பதில் சொல்லாமல் உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தாள்.

"இதுல இன்னும் சொல்லலையே," என்றார். "பிள்ளை முழிக்கு."

அடுத்த நொடி அத்தனை பேரும் போனைச் சூழ்ந்துகொண்டார்கள். "பனை, தாயி, பனை!" என்று வீடு அதிரக் கத்தினார்கள். மணிமொழியும் கத்தினாள். போனுக்குள் தெய்வக்கனி கொஞ்சம் தயங்கினாள். பிறகு "பனை" என்றாள்.

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் மட்டும் வேனை எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆகியிருக்கும் என்றார். இப்படித் தங்கச்சியைக் காப்பாற்றுகிறவர் பெண்டாட்டியையும் காப்பாற்றுவார் என்று மணிமொழி தன் அம்மாவிடம் சொன்னாள். அங்கேயே தட்டு மாற்றினார்கள்.

கல்யாணத்தையும் அதே சேனலில் நேரடியாகக் காட்ட வேண்டும் என்பது ஆவுடையப்பனின் யோசனை. மண்டபத்தில் ஏதாவது பிசகு நடந்தால் அதை டிவியில் பார்த்துவிடலாம். போனில் அது நடப்பதற்குள் கத்தித் திருத்திவிடலாம். இதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் எத்தனை போனிலும் தெரிகிற பெட்டியாக ஸ்டீபன் மாற்றிக் கொடுத்தார்.

முகூர்த்த நாளும் வந்தது. மண்டபத்து மேடையில் ஐயரும் மணிமொழியும், அவள் பக்கத்தில் நெற்றியில் கை வைத்தபடி தெய்வக்கனியும் இருந்தார்கள். எதிரே நானூறு நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. கல்யாணம் நல்லபடி நடக்க வேண்டுமே என்ற கவலையில் இரு வீட்டுச் சொந்தமும் தங்கப்பழம் வீட்டு டிவி முன்னால் ஆளுக்கொரு போனோடு கூடியிருந்தது.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் நெருங்கியது. டிவியில் ஐயர் தாலியை எடுத்து வைத்துக்கொண்டு அக்கம்பக்கம் தேடுவது தெரிந்தது. பிசகு நடந்துவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கியது. போனில் அது நடக்க இன்னும் அரை நிமிஷம் இருந்தது. நானூறு பேரும் அவரவர் போனைப் பார்த்து, "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க, மாப்பிள்ளையைக் காணோம்!" என்று கத்தினார்கள்.

பட்டு வேட்டியும் மாலையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கப்பழத்தின் குரல்தான் எல்லோருடையதையும் விட ஓங்கிக் கேட்டது.